என் தசை கரைந்ததை யாரும் நிறுக்கவில்லை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு மனநோய் இருக்கிறது. பைபோலார் என்று டாக்டர்கள் சொல்வார்கள், தமிழில் இருமுனைக் கோளாறு. சில மாதங்கள் மனம் தலைகால் தெரியாமல் பறக்கும். தூக்கம் வேண்டாம், சோறு வேண்டாம், ஊரையே விலைக்கு வாங்கிவிடலாம் என்று தோன்றும். சில மாதங்கள் அப்படியே கவிழ்ந்துபோய், பல் தேய்க்கக்கூட எழாமல் கிடப்பேன். பதினோரு வருடமாக மாத்திரை சாப்பிடுகிறேன். அந்த மாத்திரையால்தான் வேலைக்குப் போனேன், மகளைக் கல்லூரியில் சேர்த்தேன். இதைச் சொல்வதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அந்த நோயைப் பற்றி அல்ல. அதன் பெயர் என் ஆஸ்பத்திரி நோட்டில் இருந்த ஒரே காரணத்தால், என் உடம்புக்கு வந்த இன்னொரு நோயை ஒன்றரை வருடம் எவரும் கண்ணெடுத்துப் பார்க்கவில்லை. அந்த வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன்.

என் பெயர் செல்வராணி, வயது நாற்பத்தைந்து. குன்னூரிலிருந்து பஸ் பிடித்து வரவேண்டிய ஒரு தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிறேன். பன்னிரண்டாவது வரை படித்தவள், அதனால் எழுத வரும். என் வீட்டுக்காரர் தங்கராஜ் அதே எஸ்டேட்டின் ஃபேக்டரியில் கொழுந்து உலர்த்தும் பகுதியில் வேலை பார்க்கிறார். ஒரே மகள் நித்யா.

இந்த உடம்பு நோய் தொடங்குவதற்கு முந்திய வருடம் என் மனம் ஐந்து மாதம் கவிழ்ந்து கிடந்தது. ஐந்து மாதமும் கம்பளிக்குள்தான். மாத்திரையை மாற்றினார்கள், மெல்ல எழுந்தேன், வேலைக்குத் திரும்பினேன். மனசு தெளிந்தது, உடம்பு மட்டும் கூட வரவில்லை. கொழுந்து வெட்டும் கத்திரியைக் காலையில் சரியாகப் பிடிப்பேன். பதினொரு மணிக்கு மேல் இரண்டு கையும் சேர்ந்து அழுத்தினாலும் அது மூட மறுக்கும். ஊறுகாய்ப் பாட்டிலைத் திறக்க மகளைக் கூப்பிடுவேன். கக்கூசில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தால் எழ முடியாது. சுவரைப் பிடித்து, வாளி விளிம்பைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு எழுவேன். இதை யாரிடம் போய்ச் சொல்வது? சொல்லவும் கூச்சம், சொல்லாமல் இருக்கவும் பயம்.

கடைசியில் எஸ்டேட் டாக்டரிடம் சொன்னேன். அவர் என்னை எடை பார்க்கும் மெஷினில் ஏறச் சொன்னார். போன வருடத்தைவிட ஆறு கிலோ கூடியிருந்தது.

"பலமில்லைங்கறீங்க, ஆறு கிலோ ஏறிருக்கீங்க. பலமில்லாதவங்க இளைச்சுல்ல போவாங்க?" என்று சிரித்தார். "சாப்பாட்டைக் குறைங்க. மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க."

நானும் அதைக் கேட்டு நடந்தேன். முட்டையை நிறுத்தினேன், நிலக்கடலையை நிறுத்தினேன். கருவாட்டுக் குழம்பு வைத்தாலும் எனக்கு மட்டும் ரசம். என் உடம்பு எதைக் கேட்டுக் கத்திக்கொண்டிருந்ததோ அதையெல்லாம் டாக்டர் பேச்சைக் கேட்டு நானே அதன் வாயிலிருந்து பிடுங்கியிருக்கிறேன். இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

மாதம் ஒருமுறை மனநல டாக்டரைப் பார்க்கப் போவேன். டவுனில் ஒரு பெரிய மருத்துவமனை. பெயர் சொல்லப் போவதில்லை, வேறெங்கும் வேறு மாதிரி நடந்திருக்கும் என்ற நம்பிக்கையும் எனக்கில்லை. அங்கே காத்திருக்கும் இடத்தில் நீளமான மரபெஞ்சுகள். ஸ்வெட்டர், குல்லா, மப்ளர் என்று எல்லோரும் மூட்டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். எங்கள் மலையில் இது ஒரு வசதி, ஒரு கேடும்கூட. அவ்வளவு துணிக்குள் ஒருவருடைய கை எவ்வளவு மெலிந்துவிட்டது என்று பெற்ற தாய்க்குக்கூடத் தெரியாது. என் முகம் உப்பியிருந்தது, வயிறு வந்திருந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் நல்லா சதை போட்டுட்டீங்க என்றார்கள். சதை எங்கே போட்டது? கொழுப்புப் போட்டது.

உள்ளே போனால் மூன்றே கேள்வி. மாத்திரை ஒழுங்கா சாப்பிடறீங்களா, தூக்கம் வருதா, சண்டை கிண்டை ஏதாச்சும் உண்டா. நான், "காலுல பலமே இல்லைங்க டாக்டர்" என்பேன். அவர் தலையாட்டிக்கொண்டே எழுதுவார். ஒருநாள் என் மகள் அந்த நோட்டை வாங்கிப் படித்தாள். சோர்வு, ஆர்வமின்மை என்று எழுதியிருந்தார். நான் சொன்னது கால். அவர் எழுதியது மனசு. வீட்டுக்கு வந்து நித்யா அழுதாள். நான் அழவில்லை, எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

ஆனால் அந்த ஆத்திரம் நிலைக்கவில்லை. ஏன் என்றால் எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது. அதுதான் இந்த நோயின் பெரிய சாபம். மனநோய் என்று ஒரு பெயர் விழுந்துவிட்டால் பிறகு நம் கை கால் சொல்வதைக்கூட நாமே நம்புவதில்லை. போதாததற்கு எடைச் சீட்டு வேறு.

எங்கள் எஸ்டேட்டில் ஒரு நாளைக்கு இரண்டு தடவை கொழுந்தை நிறுப்பார்கள். தராசில் பையை வைத்ததும் ஆளுக்கு ஒரு சீட்டு வரும். என் சீட்டில் கிலோ குறையவே இல்லை. மற்றவர்கள் எடுக்கிற அளவுக்கு நானும் எடுத்திருக்கிறேன் என்று அது சொல்லும். சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் யோசிப்பேன். இவ்வளவு கொழுந்து எடுக்கிற கைக்கு எப்படிப் பலமில்லாமல் போகும்? அப்படியானால் டாக்டர் சொன்னதுதான் சரி, எல்லாம் மனப்பிராந்தி. என் உடம்பைவிட அந்தத் துண்டுக் காகிதத்தை நான் நம்பினேன்.

வீட்டில் என்னை ராணி மாதிரித்தான் வைத்திருந்தார்கள். அதையும் எழுதாவிட்டால் பாவம். தங்கராஜ் வேலை முடிந்து வந்து குழாயடியில் குடம் குடமாகத் தண்ணீர் பிடித்து வைப்பார். நான் குடத்தைத் தொட்டால், "ஏம் புள்ள, அதான் நான் இருக்கேனில்ல, அக்கட்டால போ" என்று பிடுங்கிவிடுவார். நித்யா துணி துவைப்பாள், அரிசி மூட்டையை இழுத்து வைப்பாள். தோட்டத்தில் என்னோடு கொழுந்து எடுக்கும் பாக்கியம் அக்கா, பக்கத்து வீட்டுக்காரி, என்னைவிட எட்டு வயது மூத்தவள். அவள் என் பையையும் தன் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு தராசுக்குப் போவாள். "நீ சும்மா கைய வீசிட்டு வா ராணி. பையில என்ன கல்லா கெடக்குது" என்பாள். அந்த அன்பில் ஒரு பொய்யும் இல்லை. ஒரு வருடத்துக்கும் மேல் நான் எதையும் தூக்காமல், எதையும் இழுக்காமல் வாழ்ந்தேன்.

ஆடி மாத மழையில் ஒருநாள் அது நடந்தது. தேயிலைக்கு நடுவில் தண்ணீர் ஓட வெட்டியிருக்கும் கான் ஒன்று, இடுப்பளவு ஆழம்கூட இருக்காது. கால் வழுக்கி அதற்குள் உட்கார்ந்துவிட்டேன். அடிபடவில்லை, வலியும் இல்லை. எழுந்தால் போதும். எழ முடியவில்லை. மண்ணைப் பிடித்தால் மண் கையோடு வந்தது, செடியைப் பிடித்தால் கை வழுக்கியது. தொடையை எழும்பச் சொல்லிக் கேட்டேன், அது காதில் வாங்கவில்லை. மழைத் தண்ணீர் இடுப்பைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. நான் செத்துப்போவேன் என்று பயப்படவில்லை. இனி என் காலில் நிற்கவே மாட்டேன் என்று பயந்தேன். மூன்று பேர் சேர்ந்து என்னைத் தூக்கி எடுத்தார்கள். மேஸ்திரி முதலில் கேட்ட கேள்வி, "மாத்திரை சாப்பிட்டுச்சா இல்லியா?"

அதே டவுன் மருத்துவமனையில் ஈசிஜி எடுத்தார்கள், இதயம் நன்றாக இருக்கிறது. தலையை ஸ்கேன் எடுத்தார்கள், மூளை நன்றாக இருக்கிறது. ரத்தத்தில் உப்பு, தைராய்டு, மாத்திரையின் அளவு எல்லாம் பார்த்தார்கள், சரியாகவே இருந்தன. எல்லாம் நன்றாக இருக்கிறது என்றால் இவளுக்கு மனசில்தான் கோளாறு. இதுதான் அவர்கள் கணக்கு. மனநல வார்டில் சேர்த்தார்கள். மன அழுத்தம் திரும்பிவிட்டது, அதனால்தான் கால் வரவில்லை என்று உடம்பு நடிக்கிறது என்றார்கள். நான் வேண்டுமென்று நடிக்கவில்லையாம், எனக்கே தெரியாமல் உடம்பு நடிக்கிறதாம். இதைக் கேட்டுக்கொண்டு நான் பேசாமல் இருந்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். நன்றாகவே சத்தம் போட்டேன். சத்தம் போட்டதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். எரிச்சல் அதிகமாக உள்ளது என்று. காலுக்கு ஒரு வரி எழுத மனம் வரவில்லை, கோபத்துக்கு மட்டும் உடனே வந்துவிட்டது.

வார்டில் பன்னிரண்டு நாள் இருந்தேன். படுத்துக்கொள்ளச் சொன்னார்கள், படுத்தேன். ஓய்வு, ஓய்வு என்றார்கள். கக்கூசுக்குப் போக ஆயாம்மா கை கொடுத்தார். நல்ல மனுஷி, என் முதுகைத் தேய்த்துவிட்டு, "வந்துரும் கண்ணு, பலம் வந்துரும்" என்பார். சாப்பாடு சோறும் தண்ணீர் போன்ற சாம்பாரும். தங்கராஜ் லீவு போட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துவிடுவார். பேசத் தெரியாத மனுஷன், அதனால் பிடித்துவிடுவார்.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, மனநல டாக்டர் என்னை "வேலைக்குத் தகுதியில்லை" என்று எழுதிவிடலாம் என்ற பேச்சை எடுத்தார். எஸ்டேட்டிலிருந்து எழுதிக் கேட்டிருக்கிறார்களாம், இவள் இனி வேலைக்கு லாயக்கா என்று. மருத்துவக் காரணத்தால் நிறுத்திவிட்டால் வேலை போகும், வேலையோடு எஸ்டேட் கொடுத்த லைன் வீடும் போகும். தங்கராஜ் பெயரில் வீடில்லை, என் பெயரில்தான். பதறிப்போய் அவர் அன்று மாலையே வீட்டுக்கு ஓடினார். மறுநாள் ஒரு பிளாஸ்டிக் பை நிறைய என் எடைச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு வந்தார். நான் விழுந்ததற்கு முந்திய நாள் வரைக்கும் இருந்த சீட்டுகள்.

"பாருங்க டாக்டர், எல்லாரு மாதிரியேதானுங்க எடுத்திருக்குது. வேலைக்கு லாயக்கில்லைன்னு எழுதிராதீங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

டாக்டர் சீட்டுகளைப் புரட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீங்க விழுந்ததுக்கு முந்தின நாள் இவ்வளவு கிலோ எடுத்திருக்கீங்க. அப்ப கை காலு நல்லாத்தானே இருந்திருக்கு? ஒரே ராத்திரியில தசை எங்கயும் போகாதும்மா. நாஞ் சொல்றது புரியுதுங்களா? மருந்தைக் கொஞ்சம் கூட்டுவோம்."

என்னைக் காப்பாற்றக் கொண்டுவந்த காகிதம் என் கழுத்துக்கே வந்தது. மருந்தைக் கூட்டினார்கள். மறுநாள் நாக்கு தடித்து, எச்சில் ஒழுகி, பகலெல்லாம் தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை பாக்கியம் அக்கா பார்க்க வந்தாள். ஆரஞ்சுப் பழமும் மொறுமொறுவென்று எங்கள் ஊர் வர்க்கி பிஸ்கட்டும் வாங்கி வந்திருந்தாள். தங்கராஜ் வராந்தாவில் வைத்து அவளிடம் சீட்டுக் கதையைச் சொன்னார். அவள் திரும்பி என் கட்டிலுக்கு வந்தபோது முகம் செத்துப்போயிருந்தது. ஐந்து நிமிடம்கூட உட்காரவில்லை. வர்க்கியை வைத்துவிட்டுப் போய்விட்டாள். வந்தவள் ஏன் இப்படி ஓடுகிறாள் என்று எனக்கு மனத்தாங்கலாக இருந்தது.

திங்கட்கிழமை காலையில் டாக்டர் ரவுண்ட்ஸ் வரும் நேரத்துக்கு அவள் மறுபடி வந்தாள், வேலைக்கு லீவு சொல்லிவிட்டு. கூடவே எங்கள் கூட்டத்தில் கொழுந்து எடுக்கும் இன்னும் இரண்டு பேர். நர்ஸ் வெளியே போகச் சொன்னார். பாக்கியம் அக்கா அசையவில்லை.

"டாக்டருங்களே, அந்தச் சீட்டு பொய்யிங்க" என்றாள்.

"எந்தச் சீட்டும்மா?"

"இவ எடைச் சீட்டுங்க. அதுல பாதி எங்க கொழுந்து. இவ பையை நாந்தானுங்க தூக்கிட்டுப் போவேன். போற வழியில ஆளுக்கு நாலு பிடி அள்ளி அதுல போட்டுருவோமுங்க. இவளுக்கே தெரியாது."

 டாக்டர் நோட்டைப் பார்க்காமல் அவளைப் பார்த்தார். "எத்தனை நாளா?"

"போன வருசம் மழைக்கு முன்னாலயே ஆரம்பிச்சமுங்க. அப்பவே இவளால பாதிப் பை ரொப்ப முடியலைங்க. மொதல்ல ஒரு பிடி, ரெண்டு பிடின்னு போட்டோம். வரவர அஞ்சு கிலோ பத்து கிலோன்னு போட வேண்டியதாயிருச்சு."

"இதை ஏன் யாருகிட்டயும் சொல்லல?"

"சொன்னா எடை கொறஞ்சுபோச்சுன்னு எழுதுவாங்க. ஏற்கனவே இவளுக்குப் பைத்தியம்னு பேரு வெச்சுருக்கானுங்க. வேலைக்கு ஆகமாட்டான்னு வெளிய தள்ளிருவாங்க. அதுக்குத்தானுங்க செஞ்சோம். நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சோம்."

எங்கள் லைனில் பிடி போடுவது புதிதல்ல. பிள்ளைத்தாய்ச்சிக்குப் போடுவோம். ஓய்வுபெறப் போகிறவர்களுக்குக் கடைசி மாதங்களில் போடுவோம். நானே எத்தனையோ பேருக்குப் போட்டிருக்கிறேன். ஆனால் யாருக்குப் போடுகிறோமோ அவர்களுக்குத் தெரிந்துதான் போடுவோம். எனக்கு மட்டும் தெரியாமல் போட்டிருக்கிறார்கள். மனசு உடைந்து மறுபடி படுத்துவிடுவேன் என்று பயந்து மறைத்திருக்கிறார்கள். அவர்களுக்கும் நான் மனநோயாளிதான், உண்மையைத் தாங்கமாட்டாதவள்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "ஏனக்கா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருந்தா என்ன? ஒன்றரை வருசமா நான் எனக்குக் கிறுக்குன்னு நெனச்சுட்டு இருந்தேன்" என்று கத்தினேன். நாக்கு தடித்திருந்ததால் பாதி வார்த்தை குழறியது. பாக்கியம் அக்கா என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அழுதாள். "சொன்னா நீ ஒத்துக்குவியா? ரோசக்காரியாச்சே" என்றாள். அதுவும் உண்மைதான். அவளைத் திட்டிக்கொண்டே அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

டாக்டரைப் பற்றி நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். அவர் அதற்குப் பிறகு பிடிவாதம் பிடிக்கவில்லை. கீழ்மாடியிலிருந்து பிசியோதெரபி பெண்ணைக் கூப்பிட்டார். அந்தப் பெண் ஒரு கருவியைக் கொண்டுவந்தாள். கைப்பிடியும் ஒரு முள்ளும் இருக்கும், நாம் இறுக்கிப் பிடித்தால் பிடியின் பலத்தை முள் காட்டும். வலது கையால் மூன்று தடவை, இடது கையால் மூன்று தடவை. என் உயிரைக் கொடுத்து இறுக்கினேன். அந்தப் பெண் என் கைகளைச் சந்தேகத்தோடு பார்த்தாள், பிறகு கருவியைத் தன் கையில் வைத்து ஒருமுறை அழுத்திப் பார்த்தாள், கருவி கெட்டுப்போயிருக்குமோ என்று. கெட்டுப்போகவில்லை. "உங்க வயசுக்கு இருக்க வேண்டியதுல பாதிகூட இல்லைங்க" என்றாள். பிறகு ஸ்வெட்டரைக் கழற்றச் சொன்னாள், புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கச் சொன்னாள். ஒன்றரை வருடத்தில் அன்றுதான் ஒருவர் முதன்முதலாக என் தொடையைத் தொட்டுப் பார்த்தார். டேப் வைத்து அளந்தாள். இதற்கு எவ்வளவு நேரம் ஆனது தெரியுமா? பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தை எனக்குக் கொடுக்க எவருக்கும் மனமில்லாமல் போயிருந்தது.

கோயம்புத்தூருக்கு அனுப்பினார்கள். மேட்டுப்பாளையம் இறங்கும் வரை வளைவுக்கு வளைவு வாந்தி. அங்கே உடம்பில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, எலும்பு எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் ஸ்கேன் எடுத்தார்கள். மெல்லிய எக்ஸ்ரேதான், வலிக்காது, அசையாமல் படுத்திருந்தால் போதும். வைட்டமின் டி பார்த்தார்கள், தரைமட்டமாக இருந்தது. கையை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து தடவை எழுந்து உட்காரச் சொன்னார்கள். ஒரு தடவையும் என்னால் எழ முடியவில்லை. அப்போதுதான் நோயின் பெயரைச் சொன்னார்கள். சார்கோபீனியா. தசை கரைந்துபோவது, அவ்வளவுதான்.

அங்கிருந்த டாக்டரம்மா சின்ன வயசு, ஆனால் காது கொடுத்துக் கேட்டார். வயதானால் எல்லோருக்கும் தசை குறையும், என்னைப் போன்றவர்களுக்கு அது முன்னாலேயே வரலாம் என்றார். மனம் கவிழும் மாதங்களில் படுத்தே கிடப்போம், ஒழுங்காகச் சாப்பிட மாட்டோம். எழுந்த பிறகும் சில மாத்திரைகள் உடம்பை மந்தமாக்கும், கொழுப்பை ஏற்றும். தசை போன இடத்தில் கொழுப்பு வந்து உட்கார்ந்துகொண்டால் எடை மெஷின் எதையும் காட்டாது. "எது எவ்வளவு காரணம்னு பிரிச்சுச் சொல்ல முடியாதுங்க. எல்லாம் சேர்ந்துதான்" என்றார்.

"தோட்டத்துல தினமும் வேலை செய்யறவளுக்கு எப்படிங்க தசை போகும்?" என்று தங்கராஜ் கேட்டார்.

"பை யாரு தூக்குனாங்க? வீட்டுல தண்ணி யாரு தூக்கறாங்க?" என்று டாக்டரம்மா திருப்பிக் கேட்டார்.

 தங்கராஜ் வெளியே வந்து ஒரு தூண் பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அவர்மேல் கோபமே வரவில்லை. குடம் தூக்கிய மனுஷனுக்கு என்ன தெரியும்? தெரிய வேண்டியவர்கள் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு முட்டையைக் குறைக்கச் சொன்னார்கள். அவர்கள்மேல்தான் கோபம்.

மாத்திரைதான் காரணம் என்றால் நிறுத்திவிடுகிறேன் என்று நானும் ஆத்திரத்தில் சொன்னேன். டாக்டரம்மா ஒரேயடியாக மறுத்தார். "நிறுத்தினா மனசு கவுந்துரும். மறுபடி மாசக்கணக்குல படுப்பீங்க. மிச்சம் இருக்கற தசையும் போயிரும்." மனநல டாக்டருக்குக் கடிதம் எழுதினார். அவரும் தான் கூட்டியதைக் குறைத்தார், ஒரு மாத்திரையை மட்டும் வேறாக மாற்றினார். இதைப் படிக்கும் யாராவது நீங்களாக மாத்திரையை நிறுத்தினால் அந்தப் பாவத்தில் எனக்குப் பங்கில்லை. டாக்டரிடம் சண்டை போடுங்கள், மாத்திரையிடம் போடாதீர்கள்.

பஸ், ஸ்கேன், முட்டை, பருப்பு என்று செலவு கழுத்தை நெரித்தது, அதைச் சொல்லி மாளாது. பிடி போட்ட விஷயம் எப்படியோ எஸ்டேட் காதுக்கும் போனது. பாக்கியம் அக்காவுக்கும் மற்றவர்களுக்கும் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். ஒரு மனுஷியின் தசை கரைந்ததற்கு யாருக்கும் ஒரு கடிதமும் போகவில்லை, நாலு பிடி கொழுந்துக்குப் போனது. எனக்கு மட்டும் ஆறு மாதம் நாற்றுப் பண்ணையில் வேலை, பிறகு பரிசோதித்துச் சொல்கிறோம் என்றார்கள். வேலைக்குத் தகுதியில்லை என்ற அந்தக் காகிதம் எழுதப்படவில்லை. வீடு இருக்கிறது.

இப்போது வீட்டில் சட்டம் மாறிவிட்டது. குடத்தை நான்தான் தூக்குகிறேன், முதலில் கால் குடம், பிறகு அரைக் குடம். தங்கராஜ் வாசலில் நின்று கையைப் பிசைவார், கிட்டே வரக்கூடாது என்பது என் உத்தரவு. இரண்டு சின்னப் பையில் மணல் நிரப்பி நித்யா தைத்துக் கொடுத்தாள், அதைக் கையில் வைத்துக்கொண்டு உயர்த்தி இறக்குவேன். காலையில் இரண்டு முட்டை. முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை, உடம்பெல்லாம் வலிதான். மூன்றாம் மாதம் ஒருநாள் கக்கூசில் சுவரைப் பிடிக்காமல் எழுந்தேன். உள்ளேயே நின்று அழுதேன். இதையெல்லாம் எழுதலாமா என்று நித்யா கேட்டாள். இதை எழுதாமல் வேறு எதை எழுதுவது?

போன மாதம் மனநல டாக்டரைப் பார்க்கப் போயிருந்தேன். இப்போது அவர் என் நோட்டில் காலைப் பற்றித் தனியாக எழுதுகிறார். அதுவரைக்கும் சரி. எனக்கு முன்னால் ஒரு புருஷன் பெண்டாட்டி, குந்தா பக்கம். அவர் மின்சார வாரியத்தில் வேலை, ஐம்பது வயது இருக்கும், தொப்பை வைத்திருந்தார். கதவு திறந்தே இருந்ததால் பேச்சு வெளியே கேட்டது.

"படி ஏற முடியலைன்னு மூணு மாசமா லீவுலயே இருக்காருங்க. கல்லு மாதிரி இருக்காரு, பாருங்க. நல்லா சாப்படறாரு. வேலைக்குப் போகச் சொன்னா மட்டும் காலு வரலைங்கறாரு" என்று அந்த அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய குரலிலும் பயம்தான் இருந்தது, ஆனால் அது எரிச்சலாகத்தான் வெளியே வந்தது. அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். டாக்டர் பேனாவை எடுத்துவிட்டார். என்ன எழுதப்போகிறார் என்று எனக்குத் தெரியும். சோர்வு, ஆர்வமின்மை.

என் முறை வரவில்லை. வராவிட்டால் என்ன? எழுந்து உள்ளே போனேன்.

"டாக்டர், எழுதறதுக்கு முன்னாடி இவரை ஒருக்கா எந்திரிக்கச் சொல்லுங்க. கையைக் கட்டிட்டு, எதையும் பிடிக்காம."

நர்ஸ் என் தோளைப் பிடித்து இழுத்தாள். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். என் கையில் இப்போது ஓரளவு பிடி இருக்கிறது. டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார், கோபப்படலாமா வேண்டாமா என்று யோசிக்கிற பார்வை. பிறகு பேனாவை வைத்துவிட்டு, "எங்கே, எந்திரிங்க பார்ப்போம்" என்றார் அவரிடம்.

அவர் கையை மார்பில் கட்டிக்கொண்டார். முன்னால் சாய்ந்தார், முகம் சிவந்தது, கால்கள் நடுங்கின, நாற்காலியைவிட்டு நாலு விரற்கடைகூட மேலே வரவில்லை. பொத்தென்று உட்கார்ந்தார். மறுபடி முயன்றார். மறுபடி உட்கார்ந்தார். மூன்றாவது தடவை டாக்டரே, "போதும், போதும்" என்று எழுந்து வந்துவிட்டார்.

அந்த மனிதர் மூச்சு வாங்கிக்கொண்டே பெண்டாட்டியைத் திரும்பிப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் நிற்க, பரீட்சையில் தேறியவரைப் போல முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்துக்கிட்டியா? நான் நடிக்கல" என்றார்.